ஆப்பிளின் நிறம் எனக்கு முன்பே தெரிந்துவிட்டது

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். 'தி கிவர்' நாவலைப் படிக்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டு இன்னும் படிக்காமல் இருப்பவர்கள் தயவுசெய்து இந்தப் பதிவை இங்கேயே விட்டுவிடுங்கள். படித்துவிட்டு வந்து பேசலாம். அதுவரை படத்தையும் பார்க்கவேண்டாம். ஏன் பார்க்கவேண்டாம் என்பதைத்தான் எழுதப்போகிறேன், கதையைச் சொல்லாமல் அதை எழுத எனக்கு வழி தெரியவில்லை.

நான் படத்தைத்தான் முதலில் பார்த்தேன். 2014இல் வந்த படம், பிலிப் நாய்ஸ் இயக்கியது, ஜெஃப் பிரிட்ஜஸும் மெரில் ஸ்ட்ரீப்பும் நடித்தது. பிடித்திருந்தது. போரும் பசியும் சண்டையும் இல்லாத ஓர் ஊர், எல்லார் வீடும் ஒரே மாதிரி, யாருக்கு என்ன வேலை என்பதை ஊர்ப் பெரியவர்கள் முடிவு செய்கிறார்கள், பழைய உலகத்தின் நினைவுகள் மொத்தத்தையும் ஒரே ஒரு கிழவர் சுமக்கிறார், அதை வாங்கிக்கொள்ள ஜோனஸ் என்ற ஒரு பையனைத் தேர்ந்தெடுக்கிறார்கள். கதை இவ்வளவுதான். லோயிஸ் லோரி 1993இல் எழுதிய நாவலிலிருந்து எடுத்தது, மறு வருடம் சிறுவர் இலக்கியத்துக்கான நியூபெரி பரிசு வாங்கிய புத்தகம் என்பதெல்லாம் தெரிந்துதான் இருந்தது. கதை தெரிந்துவிட்டதே, இனிமேல் எதற்குப் படிக்கவேண்டும் என்று விட்டுவிட்டேன்.

போன மாதம் அண்ணன் மகள் லீவுக்கு வந்திருந்தாள். எட்டாவது படிக்கிறாள். இந்தப் புத்தகத்தைப் பாதி படித்து முடித்திருந்தாள், சாப்பிடும்போதும் கையில் வைத்துக்கொண்டு, "அத்தை, இதுல ஒரு ஆப்பிள் வருது, காத்துல பறக்கும்போது மாறுது, ஆனா என்ன மாறுதுன்னு சொல்லவே மாட்டேங்கறாங்க" என்றாள். நான் யோசிக்காமல், "நிறம்தானே?" என்று சொல்லிவிட்டேன். தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டு என்னையே பார்த்தாள். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

படம் ஆரம்பத்திலிருந்தே கறுப்பு வெள்ளைதானே, அதனால் தெரியும் என்றேன். அவள் அதற்கப்புறம் என்னிடம் அன்றைக்குச் சரியாகப் பேசவில்லை. அவளிடமிருந்து எதைப் பறித்தேன் என்பது, அவள் முடித்துவிட்டுக் கொடுத்த பிறகு நானே உட்கார்ந்து படித்தபோதுதான் எனக்குப் புரிந்தது.

அந்த ஊரில் நிறம் கிடையாது. இது நாவலின் ஆகப் பெரிய ரகசியம். இதை லோரி எங்கே ஒளித்து வைத்திருக்கிறார் தெரியுமா, நம் கண்ணுக்கு நேராக. நாம் வாசிக்கும்போது வாக்கியத்தில் நிறம் சொல்லப்படாவிட்டாலும் நம் மனசு தானாக ஒரு நிறத்தைப் பூசிக்கொள்ளும். புல் என்றால் பச்சை, வானம் என்றால் நீலம். அதைப் பூசியது நாம்தான் என்பதே நமக்குத் தெரியாது. ஜோனஸ் சைக்கிளில் போகிறான், ஆற்றைப் பார்க்கிறான், நாமும் வண்ணத்தோடு கூடவே போகிறோம். மூன்றாம் அத்தியாயத்தில் ஆப்பிள் வருகிறது. பன்னிரண்டாம் அத்தியாயத்தில்தான் கிழவர் அவனிடம், நீ பார்க்கத் தொடங்கியிருப்பது சிவப்பு என்கிற நிறம் என்று சொல்கிறார். அந்த ஒரு வரியில், அதுவரை நாம் பூசி வைத்திருந்த வண்ணம் அத்தனையும் ஊரை விட்டே போகும். இத்தனை பக்கமும் நாம் பார்த்துக்கொண்டிருந்தது அவர்கள் ஊரே இல்லை!

இதை சினிமாவில் செய்யவே முடியாது. கேமராவுக்கு முன்னால் ஒன்று நிறம் இருக்கும், இல்லாவிட்டால் இருக்காது. சொல்லாமல் விடுவது என்று ஒன்று அங்கே இல்லை. கறுப்பு வெள்ளையில் தொடங்கி, பையனுக்கு நினைவுகள் ஏற ஏற வண்ணம் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிவதுபோல் எடுத்திருக்கிறார்கள், அழகாகவே இருக்கிறது. எடுத்தவர்களைக் குறை சொல்லவில்லை, அவர்களுக்கு வேறு வழி இருந்திருக்காது. ஆனால் படம் தொடங்கியவுடனேயே ரகசியம் வெளியே வந்துவிடுகிறது. புத்தகத்தில் இடி விழுகிற இடம் படத்தில் வெறும் அலங்காரமாக நின்றுவிடுகிறது. அதைவிட எனக்கு வருத்தமாக இருப்பது, இந்த இடி ஒருவருக்கு ஒரே ஒரு தடவைதான் விழும். எனக்கு விழ வேண்டியது விழாமலேயே போய்விட்டது. இனி எத்தனை தடவை படித்தாலும் எனக்குக் கிடைக்காது.

சரி, அப்படியானால் நான் படித்தது வீணா என்றால் இல்லை. தெரிந்துகொண்டு படித்ததால், ஒளித்து வைத்த கையைப் பார்க்க முடிந்தது. அந்த ஆப்பிள் பக்கத்தை மட்டும் நாலைந்து தடவை படித்தேன். ஜோனஸும் நண்பன் ஆஷரும் ஆப்பிளைத் தூக்கிப் போட்டுப் பிடித்து விளையாடுகிறார்கள். காற்றில் வரும்போது ஒரு கணம் அது மாறுகிறது. கைக்கு வந்ததும் திருப்பிப் பார்க்கிறான், அதே அளவு, அதே உருண்டை, அவன் போட்டிருக்கும் சட்டையைப் போலவே சொல்லிக்கொள்ளும்படி இல்லாத சாயல். சட்டையின் சாயலில் ஓர் ஆப்பிள்! இப்படி அப்பட்டமாக எழுதியிருக்கிறது, தெரியாமல் படிக்கிறவர்கள் கடந்து போய்விடுகிறார்கள். அப்புறம் தன் கண்ணில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து, சட்டையில் குத்தியிருக்கும் அடையாள அட்டையின் பொடி எழுத்தைக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு படித்துப் பார்க்கிறான். பெயர் தெளிவாகத்தான் தெரிகிறது. ஆப்பிளை வீட்டுக்கு எடுத்துப்போய் உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்க்கிறான். ஒன்றும் இல்லை. பாவம், அவனிடம் 'நிறம்' என்ற சொல்லே இல்லை, இல்லாத ஒன்றை அவன் எப்படித் தேடுவான்? அதற்கும் மேலே, ஆப்பிளை விளையாட்டுத் திடலிலிருந்து எடுத்துப்போனதற்காக ஒலிபெருக்கியில் பெயர் சொல்லாமல் கண்டிப்பு வேறு. கதையில் இதை ஒரு பையன் செய்த சின்னத் தப்புபோலக் காட்டி நம்மை நகர்த்திவிடுகிறார்.

நிறத்துக்குச் செய்ததையே லோரி 'விடுவிப்பு' என்ற சொல்லுக்கும் செய்கிறார். முதல் அத்தியாயத்திலேயே வருகிறது. வழி தவறி ஊருக்கு மேலே பறந்துவிட்ட விமானியை விடுவிக்கப் போகிறார்கள் என்று ஒலிபெருக்கி சொல்கிறது. முதியவர்களை விடுவிக்கும்போது விழா எடுக்கிறார்கள், வாழ்க்கைக் கதையைச் சொல்கிறார்கள், கைதட்டுகிறார்கள், அவர் கும்பிட்டு விடைபெறுவதுபோல் தலை தாழ்த்தி ஒரு கதவு வழியாகப் போகிறார். எடை ஏறாத குழந்தையை விடுவிப்பார்கள். இரட்டைக் குழந்தை பிறந்தால் எடை குறைந்ததை விடுவிப்பார்கள்.

பள்ளிக்கூடத்தில் தமிழ் இலக்கணத்தில் தகுதி வழக்கு என்று மூன்று படித்திருப்போம். இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி. செத்தார் என்று சொல்லாமல் இயற்கை எய்தினார் என்பது மங்கலம். பொற்கொல்லர்கள் பொன்னைப் பறி என்பது குழூஉக்குறி. நமக்கு இயற்கை எய்தினார் என்று சொல்லும்போது, கேட்பவர், சொல்பவர் இருவருக்குமே என்ன நடந்தது என்று தெரியும், துக்கத்தை மரியாதையாகச் சொல்கிறோம், அவ்வளவுதான். லோரியின் ஊரில் மங்கலச் சொல் மட்டும் இருக்கிறது, அதற்குப் பின்னால் இருக்கும் பொருளை எடுத்துவிட்டார்கள். பொருள் தெரிந்தவர்கள் ஒரு சிலர், அவர்களுக்குள் அது குழூஉக்குறி. மற்றவர்கள் எல்லாரும் விடுவிப்பு என்றால் எங்கோ வெளியூருக்கு அனுப்புவது என்று நம்பிக் கைதட்டிக்கொண்டிருக்கிறார்கள். இதைப் படிக்கும்போது எனக்கு உடம்பு சிலிர்த்தது. படம் பார்த்தபோது இந்தச் சொல்லை நான் கவனிக்கக்கூட இல்லை.

அந்த இரட்டைக் குழந்தைக் காட்சி படத்திலும் இருக்கிறது. ஜோனஸின் அப்பா குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற வேலையில் இருப்பவர். அன்பானவர், நிஜமாகவே அன்பானவர், தேறாத குழந்தை ஒன்றைத் தேற்றுவதற்காக ராத்திரியில் வீட்டுக்கே எடுத்து வருகிறவர். அவர்தான் அந்தச் சின்னக் குழந்தையின் நெற்றி நரம்பில் ஊசி போடுகிறார், வீட்டில் குழந்தையிடம் கொஞ்சுகிற அதே குரலில் பேசிக்கொண்டே. பிறகு பெட்டியில் வைத்துச் சுவரில் இருக்கும் திறப்பில் போட்டுவிட்டு டாட்டா சொல்கிறார். பையன் இதைப் பதிவில் பார்த்துக்கொண்டிருக்கிறான். படத்தில் பார்த்தபோதும் கலங்கினேன். ஆனால் படத்தில் என் கோபம் அந்த அப்பா மேல் நிற்கவில்லை, ஏனென்றால் கோபத்தைக் கொண்டுபோய்க் கொட்ட மெரில் ஸ்ட்ரீப்பை வைத்திருக்கிறார்கள். தலைமைப் பெரியவர், கட்டளை போடுகிறார், துரத்தச் சொல்கிறார், தண்டிக்கச் சொல்கிறார். நாவலில் அந்தத் தலைமைப் பெரியவர் வருவது பிள்ளைகளுக்கு வேலை ஒதுக்கும் அந்த விழாவில்தான். நன்றாகப் பேசுகிறார், சிரிக்க வைக்கிறார், போய்விடுகிறார். வில்லன் என்று யாருமே இல்லை. கோபம் போவதற்கு இடம் இல்லாமல் அந்த அப்பாவின் கொஞ்சல் குரலிலேயே நிற்கிறது. புத்தகத்தை மூடிய பிறகும் அந்தக் குரல் எனக்குக் கேட்டது.

ஜோனஸின் தோழி ஃபியோனா விஷயத்தில் எனக்குப் படத்தின் மேல் உண்மையாகவே கோபம். படத்தில் அவள் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறாள், ஜோனஸோடு காதல், முத்தம், கடைசியில் அவனுக்கு உதவி செய்து ஆபத்தில் மாட்டிக்கொள்கிறாள். நாவலில் அவள் முதியோர் இல்லத்தில் வேலை கற்றுக்கொள்ளும் சிறுமி. பையன் அவள் மேல் ஆசையாக இருக்கிறான், அவள் தலைமுடியில்தான் சிவப்பு மறுபடியும் தெரிகிறது. கிழவர் அவனிடம் மெதுவாகச் சொல்கிறார், ஃபியோனாவும் விடுவிக்கும் வேலையில் பயிற்சி எடுத்துக்கொண்டிருக்கிறாள், திறமைசாலி என்று. நான் புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டேன். சிவப்பு முடி உள்ள அந்தப் பெண் கையிலும் ஊசி. படம் எடுத்தவர்கள் இதை எதற்காக விட்டார்கள்? கதாநாயகி நல்லவளாக இருக்கவேண்டும் என்பதற்காகத்தான் என்று நினைக்கிறேன். அவள் நல்லவள்தான், நாவலிலும் நல்லவள்தான், நல்லவளாக இருந்துகொண்டே அதைச் செய்கிறாள் என்பதுதானே கதை?

வயதையும் மாற்றிவிட்டார்கள். நாவலில் ஜோனஸுக்குப் பன்னிரண்டு. நடித்த பிரென்டன் த்வெய்ட்ஸ் அப்போதே இருபதைத் தாண்டியவர். பன்னிரண்டு வயதுப் பையன் போர்க்களத்தின் நினைவைத் தன் உடம்பில் வாங்குகிறான் என்பதும், ஓர் இளைஞன் வாங்குகிறான் என்பதும் ஒன்றா? எட்டாவது படிக்கிற பிள்ளை எதிரில் உட்கார்ந்து படித்ததைப் பார்த்தவள் என்பதால் எனக்கு இது பெரிதாகப் பட்டிருக்கலாம்.

படத்துக்கும் ஒரு நியாயம் சொல்லவேண்டும். ஜெஃப் பிரிட்ஜஸ் இதை எடுக்கப் பல வருடம் அலைந்தார், தன் அப்பா லாயிட் பிரிட்ஜஸ் அந்தக் கிழவராக நடிக்கவேண்டும் என்பது அவர் ஆசை. அப்பா 1998இல் போய்விட்டார். மகன் காத்திருந்து, தானே கிழவராகி நடித்தார். இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்த நாற்காலியில் அவர் உட்கார்ந்திருக்கும் காட்சிகளை மறுபடியும் போட்டுப் பார்த்தேன், வேறு மாதிரி இருந்தது.

நாவலே ஓர் அப்பாவிடமிருந்து பிறந்ததுதான். லோரியின் அப்பாவுக்கு வயதான காலத்தில் நினைவு மங்கிக்கொண்டே வந்தது. மூத்த மகள் ஹெலன் புற்றுநோயில் இளம் வயதிலேயே இறந்ததை அவர் மறந்துவிட்டார், அவளுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பார். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் அவருக்கு அது புதிதாகக் கேட்கிற சாவு. வலிக்கிற நினைவுகளை எடுத்துவிட்டால் மனிதன் நிம்மதியாக இருப்பானா என்று லோரி யோசித்ததிலிருந்துதான் இந்த ஊர் வந்தது. முதல் பதிப்பின் அட்டையில் இருக்கும் தாடிக் கிழவரின் படமும் லோரி எடுத்ததுதான். அமெரிக்காவின் மெய்ன் கடலோரத்தில் ஒரு தீவில் தனியாக வாழ்ந்த கார்ல் நெல்சன் என்ற ஓவியர். நிறங்களைப் பற்றி அவரிடம் நிறையப் பேசியிருக்கிறார். பின்னாளில் அந்த ஓவியருக்குப் பார்வை போய்விட்டது. நிறங்களை நினைவில் மட்டும் வைத்திருந்த ஒருவரின் முகம் அட்டையில் இருக்கிறது, உள்ளே பன்னிரண்டு அத்தியாயம் வரை நிறமே இல்லாத ஊர் இருக்கிறது. எனக்கு இதை அண்ணன் மகளிடம் சொல்லும்போது குரல் தழுதழுத்துவிட்டது.

கடைசி அத்தியாயத்தில்தான் எனக்குப் புத்தகம் ஒன்றைத் திருப்பிக் கொடுத்தது. படம் பார்த்தவள் என்பதால் பையன் பிழைத்துவிடுவான் என்ற தைரியத்தோடு படித்துக்கொண்டு போனேன். ஊரை விட்டுத் தப்பிவந்த அவன், பனியில், பசியில், அப்பா வீட்டுக்கு எடுத்து வந்த அந்தக் குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சறுக்கு வண்டியில் கீழே போகிறான், கீழே விளக்குகள் தெரிகின்றன, பாட்டுக் கேட்கிறது. பின்னால் விட்டு வந்த ஊரிலிருந்தும் பாட்டுக் கேட்பதுபோல் இருக்கிறது, ஒருவேளை அது எதிரொலியாகவும் இருக்கலாம் என்று சொல்லி நாவல் நின்றுவிடுகிறது. அந்த விளக்குகள் நிஜமா, அவன் சாகும்போது காணும் நினைவா? படம் கொடுத்த தைரியம் முழுவதையும் அந்தக் கடைசி வரி பிடுங்கிக்கொண்டது. ராத்திரி பதினொன்றரை மணிக்கு எழுந்துபோய் அவளை எழுப்பலாமா என்று நினைத்தேன்.

காலையில் கேட்டேன். அவள் அவன் செத்துவிட்டான் என்கிறாள். அந்தச் சறுக்கு வண்டி கிழவர் கொடுத்த முதல் நினைவில் வந்த அதே வண்டி, நிஜத்தில் அது அங்கே எப்படி வரும் என்று கேட்கிறாள். நான் பிழைத்துவிட்டான் என்கிறேன், குழந்தைக்காகவாவது. லோரி இதற்குப் பிறகு இதே உலகத்தில் இன்னும் மூன்று நாவல்கள் எழுதியிருக்கிறார், கடைசி நாவல் 2012இல் வந்தது, அவற்றில் இதற்கு விடை இருக்கிறது, எனக்குத் தெரியும் என்று சொன்னேன். "சொல்லாதீங்க அத்தை. நானே படிச்சுக்கறேன்" என்று காதைப் பொத்திக்கொண்டாள். இந்தப் பதிவை அவள் அம்மா போனில் படிப்பாள் என்பதால் இங்கேயும் எழுதவில்லை. தெரிந்தவர்கள் யாரும் கீழே எழுதிவிடாதீர்கள்.