இரும்பின் எக்ஸ் கதிர்க் கோடு பற்றியும் சொல்லியிருக்கலாம்
கருந்துளையைச் சுற்றியுள்ள வாயு எக்ஸ் கதிர்களை விழுங்கிவிடும் என்பதோடு கருந்துளை பற்றிய உங்கள் கட்டுரை நின்றுவிட்டது. அதற்கப்புறம் நடப்பதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. எக்ஸ் கதிர் பட்டதும் வாயுவிலுள்ள இரும்பு அணுவின் உள்கூட்டு (கருவுக்கு அருகிலுள்ள அடுக்கு) எலக்ட்ரான் தெறித்துவிடும். அந்த இடத்துக்கு வெளிக்கூட்டு எலக்ட்ரான் இறங்கும்போது, ஏறக்குறைய மூன்றில் ஒரு தடவை, 6.4 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் புதிய எக்ஸ் கதிர் கிளம்பும். ஒரே ஆற்றலில் வருவதால், எக்ஸ் கதிர்களை ஆற்றல்வாரியாகப் பிரித்துப் பார்க்கும் நிறமாலையில் அது கூர்மையான கோடாகத் தெரிய வேண்டும்.

எம்சிஜி-6-30-15 என்ற விண்மீன் மண்டலத்தை ஜப்பானின் ஆஸ்கா செயற்கைக்கோள் ஆராய்ந்தபோது, அந்தக் கோடு கூர்மையாக இல்லை. 5 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டுக்கும் கீழே இழுபட்டுக் கிடந்தது. 1995-ல் வெளியான முடிவு. கருந்துளையைச் சுற்றித் தட்டு போலச் சுழலும் வாயுவின் வேகமும் கருந்துளையின் ஈர்ப்பும் சேர்ந்து செய்த வேலை அது. முதலில் இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. அடுத்த பகுதியில் இதையும் எழுதுங்கள்.