222-0: ஸ்கோர் சரி, முடிவு தவறு

"1916-இல் ஜார்ஜியா டெக்கிடம் 222-0 என்று தோற்ற கம்பர்லேண்ட்தான் வரலாற்றிலேயே மோசமான கல்லூரி அமெரிக்கன் ஃபுட்பால் அணி" என்று ஒருவர் எழுதியிருந்தார். ஸ்கோர் சரி. ஆனால் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்திலுள்ள சிறிய கல்லூரியான கம்பர்லேண்ட் அந்த சீசனுக்கு முன்பே தன் அணியைக் கலைத்துவிட்டது! ஆட்டத்துக்கு வராவிட்டால் 3,000 டாலர் கட்ட வேண்டும் என்றது ஒப்பந்தம். அந்தக் காலத்தில் அது பெரிய தொகை. அதனால்தான் மாணவர்கள் சிலர் அவசரமாகச் சேர்ந்து, ஜார்ஜியா டெக் கல்லூரி இருக்கும் அட்லாண்டாவுக்குப் போனார்கள். பயிற்சியே இல்லாமல் போனவர்களை மோசமான அணி என்பது அநியாயம். எதிரே இருந்ததோ பயிற்சியாளர் ஜான் ஹைஸ்மன் தயார்செய்த அணி. பாதி ஆட்டத்திலேயே 126-0, அப்புறமும் அவர் விடவில்லை. பேஸ்பாலில் ஜார்ஜியா டெக் கம்பர்லேண்டிடம் 22-0 என்று தோற்ற கோபம்தான் காரணம் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது.