கொலையாளியின் மூளை காரணமில்லை
"பழைய தொடர் கொலைகளில் துப்புக் கிடைக்காததற்குக் கொலையாளிகளின் அபார மூளைதான் காரணம்" என்று சிலர் சொல்வது தவறு. கொன்றவனை இப்படி மேதையாக்குவது, செத்துப்போன பெண்களுக்குச் செய்யும் அநியாயம்.

லண்டனின் வைட்சேப்பல் பகுதியில் பெண்கள் அடுத்தடுத்துக் கொல்லப்பட்ட 'ஜாக் தி ரிப்பர்' வழக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 1888 செப்டம்பர் 30 அன்று, கொலையுண்டவரின் ரத்தக்கறை படிந்த ஏப்ரன் துண்டு கிடந்த இடத்தில், சுவரில் சாக்பீஸ் எழுத்து இருந்தது. யூதர்களுக்கு எதிராகக் கலவரம் வெடிக்குமோ என்று பயந்து, போட்டோ எடுக்கும் முன்பே அதை அழிக்கச் சொன்னவர் போலீஸ் கமிஷனர் சார்லஸ் வாரன். கொலையாளிதான் எழுதினானா என்பது வேறு விஷயம். கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பே போய்விட்டது. கைரேகையை வைத்துத் தேடவும் அப்போது வழியில்லை; லண்டன் போலீஸ் தலைமையகமான ஸ்காட்லாந்து யார்டில் கைரேகைப் பிரிவு வந்ததே 1901இல்தான்.

அப்புறம், கலிஃபோர்னியாவில் 1970, 80களில் பலரைக் கொன்றவன் 2018இல் சிக்கினான். பத்திரமாக வைத்திருந்த டிஎன்ஏ மாதிரி அவனுடைய தூரத்து உறவினர்களின் மரபணுவோடு ஓரளவு பொருந்தியது. மாதிரியே மிஞ்சாத வழக்குகளில் அந்த வழியும் கிடையாது.