கோவில்பட்டிக்குத் திரும்பி வருவோம் சாமி, நம்புங்கள்

என் அம்மாவுக்கு 68 வயது. ஓய்வு பெற்ற ஆரம்பப் பள்ளி ஆசிரியை. மதுரையில் ஒரு கல்யாணத்துக்குப் போனாலே, "ராத்திரியே கிளம்பிருவோம்யா, செடிக்குத் தண்ணி ஊத்தணும்" என்று மண்டபத்து வாசலில் செருப்பைத் தேட ஆரம்பித்துவிடுவார். அப்படிப்பட்டவர் ஐரோப்பாவுக்குப் போனால் அங்கேயே தங்கிவிடுவாரோ என்று ஒரு தூதரகத்துக்குச் சந்தேகம். அதுவும் "நியாயமான சந்தேகம்". அச்சடித்த விசா மறுப்புத் தாளில் அந்த வரிக்குப் பக்கத்துக் கட்டத்தில் ஒரு டிக். யார் சந்தேகப்பட்டார், எதைப் பார்த்துச் சந்தேகப்பட்டார், ஒரு வார்த்தை கிடையாது.

இதில் வேடிக்கை, எனக்கு விசா கிடைத்துவிட்டது. ஒரே நாளில், ஒரே கவுண்டரில் கொடுத்த விண்ணப்பங்கள். ஒரே பயணத் திட்டம், ஒரே ஹோட்டல் அறை. ஓடிப்போய் அங்கே வேலை தேடக்கூடிய வயதில் இருப்பவன் நான். என்னை நம்புகிறார்கள். முட்டிவலித் தைலம் இல்லாமல் பஸ் ஏறாத அம்மாவை நம்பவில்லை.

எந்த நாடு என்று சொல்லப் போவதில்லை. சொன்னால் மட்டும் என்ன? ஷெங்கன் விசா ஐரோப்பாவின் 29 நாடுகளுக்கும் ஒன்றுதான், விதி ஒன்றுதான், மறுப்புத் தாள்கூட ஒரே அச்சுதான். ஷெங்கன் என்பது லக்ஸம்பர்க்கில் மொசெல் ஆற்றங்கரையில் உள்ள ஒரு சின்ன ஊர். தங்கள் நாடுகளுக்கு நடுவே உள்ள எல்லையில் யாரையும் நிறுத்திக் கேள்வி கேட்க வேண்டாம் என்று 1985-இல் அங்கேதான் ஒப்பந்தம் போட்டார்கள். கேள்வியை எல்லாம் மூட்டை கட்டி நம் பக்கம் தள்ளிவிட்டார்கள் போல.

ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். முதல் தகராறே பெயரில். அம்மாவுக்கு ஒரே பெயர். இனிஷியல் உண்டு, குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. நம்மில் பாதிப்பேர் அப்படித்தானே? பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலி. விமான டிக்கெட் போடும் தளம் அதைக் காலியாக விட மறுத்ததால் டிக்கெட்டில் அம்மாவின் பெயர் இரண்டு முறை வந்தது. இன்சூரன்ஸில் அப்பா பெயரோடு ஒட்டிக்கொண்டு வந்தது. விசா விண்ணப்பத்தில் ஒரு தடவை. மூன்று தாளையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் மூன்று பெண்கள் பயணம் போவது மாதிரி இருந்தது. இது அம்மாவுக்கு மட்டும் நேர்வதில்லை. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் இருந்தால் சுற்றுலா விசாவில் வர முடியாது என்று அறிவித்தபோது எத்தனை பேர் கதிகலங்கினார்கள். அப்பா பெயர் பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் இருந்தால் போதும் என்று அப்புறம் விளக்கம் வந்தது.

அடுத்தது தேதி. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கடைசிக் கெடு 15 நாள் முன்பு. இது விதி. நடப்பில், எந்த நாட்டில் அதிக இரவு தங்குகிறோமோ அந்த நாட்டிடம்தான் கேட்க வேண்டும், அந்த நாட்டுக்கு அப்பாயின்ட்மென்ட் இருக்காது. இரவு பன்னிரண்டு மணிக்கு உட்கார்ந்து பக்கத்தைத் திறந்தால் காலண்டர் முழுக்கச் சாம்பல் நிறம். ஆனால் ஏஜென்ட்டிடம் கேட்டால் மறுநாளே தேதி இருக்கிறது! அது எப்படி அவருக்கு மட்டும் பச்சையாகத் தெரிகிறது என்று கேட்டேன். "அது அப்படித்தான் சார்" என்றார்.

அப்புறம் கைரேகை. ஒருமுறை கொடுத்தால் 59 மாதத்துக்குச் செல்லும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் முதல் தடவை நேரில் போயே ஆக வேண்டும். நெல்லை எக்ஸ்பிரஸில் ராத்திரி முழுக்க உட்கார்ந்து சென்னை போய், விசா விண்ணப்ப மையத்து வரிசையில் நின்று, நாற்பது வருடம் சாக்பீஸ் பிடித்துத் தேய்ந்த விரலை இயந்திரத்தில் வைத்தால், அது ரேகை தெரியவில்லை என்கிறது. ஐந்து தடவை துடைத்து, ஆறாவது தடவையில் எடுத்தது. அங்கே இருப்பவர்கள் தாளை வாங்கி அடுக்கி அனுப்பும் வேலை மட்டுமே செய்பவர்கள், முடிவெடுப்பது தூதரகம். அதனால் எதைக் கேட்டாலும் "எங்களுக்குத் தெரியாது மேடம்". ஆனால் குறுஞ்செய்திக்கு இவ்வளவு, கூரியருக்கு இவ்வளவு, சோபாவில் உட்கார இவ்வளவு என்பது மட்டும் மனப்பாடமாகத் தெரிகிறது.

விசாக் கட்டணம் 80 யூரோவாக இருந்தது, 2024 ஜூனில் 90 ஆக்கினார்கள். நம் பணத்தில் ஒன்பதாயிரத்துக்கு மேல். மறுத்தாலும் திரும்ப வராது. இன்சூரன்ஸ் 30,000 யூரோவுக்குக் குறையாமல் எடுக்க வேண்டும். சரி, அங்கே ஆஸ்பத்திரிச் செலவு அப்படி, அதில் எனக்குக் கோபம் இல்லை. கோபம் டிக்கெட்டில்தான். விசா கையில் வரும்வரை பணம் கட்டி டிக்கெட் எடுக்காதீர்கள் என்று அவர்களே அறிவுரை சொல்கிறார்கள். ஆனால் போய்த் திரும்பும் முன்பதிவையும் காட்ட வேண்டும். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும். இந்த இடைவெளியில்தான், காட்டுவதற்கு மட்டும் எடுக்கும் "டம்மி டிக்கெட்" என்று ஒரு தொழிலே ஓடிக்கொண்டிருக்கிறது. கொடுப்பவருக்கும் தெரியும், வாங்குபவருக்கும் தெரியும், தூதரகத்துக்குத் தெரியாமலா இருக்கும்?

என் பக்கத்திலும் ஒரு முட்டாள்தனம் நடந்தது. அம்மாவின் கணக்கில் பென்ஷன் மட்டும்தான் வரும், கணக்கு கனமாகத் தெரியட்டும் என்று ஒரு நண்பன் சொன்னதைக் கேட்டு இரண்டு லட்சத்தைப் போட்டுவிட்டேன். திடீரென்று வந்து விழும் பணத்தைத்தான் அவர்கள் முதலில் சந்தேகப்படுவார்கள் என்று பிற்பாடுதான் தெரிந்தது. ஒழுங்காக, செலவை நான் ஏற்கிறேன் என்று கடிதம் கொடுத்து என் கணக்கைக் காட்டியிருந்தால் போதும். தெரியாமல் செய்தேன், அதற்காக என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள். ஆனால் மறுப்புத் தாளில் பணத்துக்கென்று தனிக் கட்டம் இருக்கிறது. அதில் டிக் இல்லை. டிக் விழுந்தது திரும்பி வருவதில்.

திரும்பி வருவேன் என்பதை எப்படி ஐயா நிரூபிப்பது? வீட்டுப் பத்திரம் வைத்தோம். பட்டா, சிட்டா எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து நோட்டரி முத்திரை வாங்கி வைத்தோம். சிட்டாவுக்கு ஆங்கிலத்தில் என்ன எழுதுவது என்று மொழிபெயர்ப்பாளர் பத்து நிமிடம் மோட்டுவளையைப் பார்த்தார். கொல்லையில் இருக்கும் முருங்கையையும், செவ்வாய்க்கிழமை தவறாமல் வந்து அரட்டை அடிக்கும் மூன்று பழைய டீச்சர்களையும் எந்த இணைப்பில் சேர்ப்பது? அம்மாவை ஊரோடு கட்டிப் போட்டிருப்பது அவைதான்.

2024 ஏப்ரலில் இந்தியர்களுக்கென்று ஒரு சலுகை அறிவித்தார்கள். மூன்று வருடத்துக்குள் இரண்டு விசா வாங்கி ஒழுங்காகப் போய் வந்திருந்தால், அடுத்து இரண்டு வருடத்துக்குப் பலமுறை போய்வரும் விசா. நல்ல விஷயம்தான். முதல் விசாவிலேயே தட்டிவிட்டால் ஒழுங்காகப் போய் வருவதை எங்கே காட்டுவது?

நம் அரசு மட்டும் யோக்கியமா என்று கேட்பீர்கள். இங்கே வரும் ஐரோப்பியர் வீட்டில் இருந்தபடி மின்னணு விசா வாங்கிவிடலாம், 2014 முதல் அந்த வசதி உண்டு. ஆனால் அந்தப் படிவமும் மதம் என்ன, தாத்தா பாட்டி பாகிஸ்தானைச் சேர்ந்தவர்களா என்றெல்லாம் குடையும். படிவம் எழுதுபவர்கள் எல்லா ஊரிலும் ஒரே குலம்.

மேல்முறையீடு செய்யலாம் என்று தாளின் கடைசியில் போட்டிருந்தது. பயணத்துக்கு அப்போது பன்னிரண்டு நாள் இருந்தது. இனி வேறு நாட்டுக்கு விண்ணப்பித்தாலும், "இதற்கு முன் விசா மறுக்கப்பட்டதுண்டா?" என்ற கேள்விக்கு அம்மா வாழ்நாள் முழுக்க "ஆம்" போட வேண்டும்.

தாளை நான் தமிழில் சொல்லச் சொல்லக் கேட்டுவிட்டு அம்மா கேட்டார், "ஏய்யா, நான் அங்க இருந்துக்கிட்டு என்ன செய்யப் போறேன்? அவுக எங்கூடப் பேசிப் பாத்திருக்கலாம்ல?"

நானும் போகவில்லை. ஹோட்டல்காரர்கள் பாதிப் பணத்தைப் பிடித்துக்கொண்டார்கள். நேற்று ஏஜென்ட் கூப்பிட்டார். "விடுங்க சார், மறுபடி போடலாம். இந்தத் தடவை கவர் லெட்டரை நானே எழுதித் தர்றேன், நாலாயிரம்தான்."