விண்கப்பலுக்கு ஒட்டுப் போடுறது எப்பிடி?

(கோண்டாவில் சந்திக்குக் கிட்ட ஒரு சைக்கிள் கடை. காலமை பத்தரை மணி. பின் சில்லுக்குக் காத்துப் போன சைக்கிளை உருட்டிக்கொண்டு கஜன் வாறான். நேற்றிரவு பாத்த படத்தின்ரை சிவப்பு இன்னும் கண்ணிலை கிடக்கு. கடைக்கார அண்ணை ஒண்டும் கேக்காமலே சைக்கிளை வாங்கிக் கவிட்டு நிப்பாட்டுறார்.)

கஜன்: கெதியா ஒரு ஒட்டுப் போட்டுத் தாங்கோ அண்ணை. மத்தியானக் காட்சிக்கு நிக்கவேணும்.

அண்ணை: ராத்திரியும் உந்தப் படத்துக்குத்தானே போனனி?

கஜன்: ராத்திரி முன் வரிசை. கழுத்துப் பிடிச்சதுதான் மிச்சம். இண்டைக்கு நடுவுக்கை, பின்னாலையிருந்து நாலாம் வரிசை. அங்கை இருந்தால்தான் திரையும் முழுசாத் தெரியும், ரெண்டு பக்கச் சத்தமும் சரிசமனா வரும். கண்ணாடி போட்டுப் பாக்கிற காட்சியும் வேண்டாம் அண்ணை, அந்தக் கண்ணாடி பாதிக்கு மேலை வெளிச்சத்தைத் தின்னுது. விண்வெளியே இருட்டு, அதுக்கு மேலை அதுவும் இருட்டு.

அண்ணை: (ரயர் விளிம்பைக் கம்பியாலை நெம்பிக்கொண்டு) அப்பிடி என்ன புதினம் உதுக்குள்ளை?

கஜன்: கப்பல் செவ்வாய்க்குப் போகுது. நடு வழியிலை ஒரு கல்லு வந்து அடிச்சு, சுவரிலை தேசிக்காய் அளவு ஓட்டை. டமார்! காத்து உறிஞ்சி எடுக்குது. மேசை போகுது, கதிரை போகுது, டொக்டர் போறார்...

அண்ணை: பொறு. தேசிக்காய் அளவு ஓட்டைக்காலை டொக்டர் எப்பிடிப் போனவர்?

கஜன்: ...மெலிஞ்ச டொக்டர் அண்ணை.

அண்ணை: சரி, போனவர் போகட்டும். கப்பலுக்கு எத்தினை றாத்தல் காத்து அடிச்சிருக்கிறாங்கள்?

கஜன்: என்ன?

அண்ணை: உன்ரை ரயருக்கு நான் 45 அடிக்கிறன். கப்பலுக்கு எவ்வளவு?

கஜன்: ஓ, அதே. விண்வெளி நிலையத்திலை பூமியிலை இருக்கிற அளவுதான் வைச்சிருக்கினம். சதுர அங்குலத்துக்கு 14.7 றாத்தல். வெளியிலை பூச்சியம்.

அண்ணை: (வேலையை விட்டிட்டு நிமிருறார்) அப்ப உன்ரை இந்தக் கறள் பிடிச்ச சைக்கிளிலை அதைப்போல மூண்டு மடங்கு தள்ளு கிடக்கு! வரேக்கை றோட்டிலை இருந்த ஆரையும் இது உறிஞ்சினதே?

கஜன்: இல்லை. ஒரு நாய் மட்டும் திரும்பிப் பாத்தது.

அண்ணை: கணக்கைப் போடு. படிச்ச பெடியன்தானே.

கஜன்: 14.7 எண்டால் ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு ஒரு கிலோ மாதிரி. தேசிக்காய் 4 சென்ரிமீற்றர் அகலம் எண்டால் ஓட்டையின்ரை பரப்புப் பன்னிரண்டரை. அப்ப... 12.5 கிலோ.

அண்ணை: காஸ் சிலிண்டருக்குள்ளை இருக்கிற காஸின்ரை பாரம். ஒரு சாப்பாட்டுத் தட்டைக் கொண்டுபோய் ஓட்டையிலை வைச்சால் உள்காத்தே அதை அமத்திப் பிடிச்சுக்கொள்ளும். பசையும் தேவையில்லை.

கஜன்: தட்டை வைச்சு மூடினால் படம் கால் மணித்தியாலத்திலை முடிஞ்சிடும். ரிக்கற் காசை ஆர் திருப்பித் தாறது?

அண்ணை: மேசை கதிரை பறக்கவேணும் எண்டால் ஓட்டை கதவளவு இருக்கவேணும் தம்பி.

கஜன்: தெரியும் அண்ணை. உண்மையா நடந்ததே கிடக்கு. 2018 ஆகஸ்டிலை விண்வெளி நிலையத்தோடை கொழுவியிருந்த சோயுஸ் கலத்திலை 2 மில்லிமீற்றர் ஓட்டை. காத்தழுத்தம் குறையுது எண்டு கீழை இருந்தவைதான் முதலிலை கண்டவை. மேலை ஆக்கள் நித்திரை. உடன ஆபத்தில்லை எண்டு அவையை எழுப்பவும் இல்லை.

அண்ணை: எழுப்பேல்லையோ!

கஜன்: விடிஞ்சாப் பிறகுதான் தேடினவை. ஓட்டையைக் கண்ட உடன ஒரு ஜேர்மன்காரர் விரலாலை பொத்திப் பிடிச்சவர்.

அண்ணை: (கணக்குப் போடுறார்) ரெண்டு மில்லிமீற்றருக்கு 32 கிராம் வரும். ஒரு முட்டைப் பாரமும் இல்லை. அந்தாளுக்கு ஒட்டுத் தொழில் விளங்கியிருக்கு. பேந்து?

கஜன்: முதலிலை ரேப் ஒட்டினவை. பிறகு துணித்துண்டிலை எப்பொக்சி பூசி அடைச்சவை.

அண்ணை: அதுதான் முறை. (ரியூபை இழுத்தெடுத்து, காத்தடிச்சு, தண்ணிச் சட்டிக்குள்ளை அமத்துறார். குமிழி வருகுது.) இஞ்சை பார், ஓட்டை தானாச் சொல்லுது நான் இஞ்சை நிக்கிறன் எண்டு. மேலை தண்ணிச் சட்டிக்கு என்ன செய்தவை?

கஜன்: 2020 இலை வேறை ஒரு கசிவைத் தேயிலையாலை கண்டுபிடிச்சவை. தேயிலைப் பையை வெட்டித் தூளை மிதக்கவிட்டிட்டுக் கதவைச் சாத்தினவை. தூள் மெல்ல மெல்ல வெடிப்புப் பக்கம் போய்ச் சேந்திட்டுது.

அண்ணை: எங்கடை தேயிலையோ?

கஜன்: பெட்டியிலை என்ன எழுதியிருந்தது எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை அண்ணை.

அண்ணை: எங்கடையாத்தான் இருக்கும். (ரியூபைத் துடைக்கிறார்) சரி, உன்ரை கப்டன் என்ன செய்தவன்?

கஜன்: ஓடி வந்தான். ஒரு தகட்டை எடுத்தான். பசையைப் பூசினான். அப்பினான். சரி.

அண்ணை: எத்தினை நேரம்?

கஜன்: ஒரு மூண்டு செக்கன்.

அண்ணை: பொய்யன்! வடிவாப் பார். முதல் ஈரம் துடைக்கவேணும். பிறகு தாளாலை உரஞ்சவேணும், ஒட்டுத் துண்டைவிட நாலு பக்கமும் ஒரு விரல் கூட. ரியூபின்ரை மினுக்கம் போய்ச் சாம்பல் நிறமா வரவேணும், இந்தா, இப்பிடி. அந்த மினுக்கத்திலை பசை பிடிக்காது. பிறகு சொலூசன், மெல்லிசா. பெடியள் செய்யிற பெரிய பிழை, பாணுக்கு ஜாம் பூசுற மாதிரி அப்பிறது. தடிப்பாப் பூசினால் மேலாலை காயும், உள்ளுக்கை ஈரம் நிக்கும். வெயிலுக்கு ரியூப் சூடாகேக்கை ஒட்டு வழுக்கிக்கொண்டு போயிடும். பூசினாப் பிறகு 5 நிமிசம் காயவிடவேணும். விரலாலை தொட்டுப் பாக்கக் கூடாது. இதுக்கு 5 நிமிசம் எண்டால், செவ்வாய்க்குப் போற கப்பலுக்கு மூண்டு செக்கனோ?

கஜன்: பின்னாலை மியூசிக் போகுது அண்ணை.

அண்ணை: மியூசிக்குக்குப் பசை காயுமோ? அது கிடக்கட்டும். அடிச்ச கல்லு எங்கை?

கஜன்: எந்தக் கல்லு?

அண்ணை: ஓட்டை போட்ட கல்லு. ஒட்டுப் போட முதல் குத்தினது எது, அது எங்கை நிக்குது எண்டு பாக்கவேணும். ரயருக்குள்ளை விரலை விட்டு ஒரு சுத்துத் தடவிப் பாக்கவேணும். வேலியிலை கதியால் வெட்டுற காலம், றோட்டு முழுக்கக் கிளுவை முள்ளு. முள்ளை உள்ளை விட்டிட்டு ஒட்டுப் போட்டால் அரைக் கட்டை போக முதல் திரும்பி வருவாய்.

கஜன்: கல்லு உள்ளைதான் கிடக்கு. அதுக்குள்ளை ஒரு உயிர் இருக்கு. அது மெல்ல அசையுது. அங்கைதான் இடைவேளை!

அண்ணை: பாத்தியே! முள்ளை எடுக்காமல் ஒட்டுப் போட்ட கப்டன். என்ரை கடையிலை எண்டால் ஒரு நாளும் வேலைக்கு வைச்சிரன்.

(சொலூசன் பூசின ரியூபை ஆணியிலை கொழுவிவிட்டு, பிளாஸ்க்கைத் திறந்து ரெண்டு பேருக்கும் தேத்தண்ணி ஊத்துறார்.)

கஜன்: இடைவேளைக்குப் பிறகுதான் பெரிய காட்சி. கப்டன் தலைக்கவசம் இல்லாமல் வெளியிலை போறான். கீரிமலைக் கேணியிலை குதிக்கிற மாதிரி மூச்சை இழுத்துப் பிடிச்சுக்கொண்டு.

அண்ணை: மூச்சை இழுத்துப் பிடிச்சோ?

(எழும்பிப் போய் ஒரு பழைய ரியூபைக் கொண்டுவாறார். ரயர் இல்லாமல் வெறும் ரியூபுக்குப் பம்மாலை காத்தடிக்கிறார். ஒரு பக்கம் மட்டும் பலாப்பழம் மாதிரி வீங்குது.)

அண்ணை: வெளியிலை இருந்து அமத்திப் பிடிக்க ரயர் இல்லாட்டி இதுதான் கதி. இன்னும் பத்துத் தரம் அடிச்சனெண்டால்...

கஜன்: வேண்டாம் அண்ணை, விளங்குது! காத்தை முழுக்க வெளியிலை விட்டிட்டுத்தான் போகவேணும், இல்லாட்டி நுரையீரல் கிழிஞ்சிடும். விட்டாலும் பத்துப் பதினைஞ்சு செக்கன்தான் நினைவு நிக்கும். 1966 இலை நாசாவிலை வெற்றிட அறையிலை உடுப்பைச் சோதிச்ச ஒருத்தருக்குக் குழாய் கழண்டுபோச்சு. பதினாலு செக்கன் மாதிரித்தான், ஆள் விழுந்திட்டார். கடைசியா நினைவிலை நிண்டது, நாக்கிலை எச்சில் கொதிச்சதாம். உடன காத்தை விட்டபடியால் ஆள் தப்பிட்டார்.

அண்ணை: உங்கடை ஆள் எவ்வளவு நேரம் நிண்டவர்?

கஜன்: மூண்டு நிமிசம். அதிலை ஒண்டரை நிமிசம் வசனம்.

அண்ணை: காத்தில்லாத இடத்திலை வசனமோ? ஆருக்குக் கேக்கிறது?

கஜன்: எங்களுக்கு. பிறகு அப்பிடியே ஐஸ் கட்டியா உறைஞ்சு போறான்.

அண்ணை: (பிளாஸ்க்கைத் தூக்கிக் காட்டுறார்) விடிய அஞ்சு மணிக்கு ஊத்தின தேத்தண்ணி. இன்னும் சூடு. ஏன்? நடுவிலை காத்தில்லை, சூட்டைக் கொண்டுபோக ஒண்டுமில்லை. இதுக்குள்ளை இருக்கிற தேத்தண்ணி உறையாட்டி அவன் மட்டும் எப்பிடி ஒரு நொடியிலை உறைவான்?

கஜன்: கதிர்வீச்சாலை சூடு போகும், ஆனால் மெதுவாத்தான். வாய், கண் ஈரம் கெதியாக் குளிரும். மற்றும்படி நீங்கள் சொல்லுறது சரி.

அண்ணை: அப்ப எல்லாம் பிழை எண்டு உனக்கு முதலே தெரியும்.

கஜன்: தெரியும். கப்பல் கல்லுகளுக்குள்ளாலை மினிபஸ் மாதிரி வெட்டி வெட்டி ஓடுறதும் பிழை. விண்கல் பட்டியிலை ஒரு கல்லுக்கும் மற்றக் கல்லுக்கும் இடையிலை பத்து லட்சம் கிலோமீற்றர் மாதிரி வரும். அதோடை அது செவ்வாய்க்கும் அங்காலை. அந்த வழியாலை ஏன் போனவங்கள் எண்டே விளங்கேல்லை.

அண்ணை: பிறகென்ன கோதாரிக்கு ரெண்டாந்தரம் போறாய்?

கஜன்: ஒரு காட்சிக்கு அண்ணை. ஒரேயொரு காட்சி.

அண்ணை: (சொலூசனை ஊதிப் பாக்கிறார். மினுக்கம் அடங்கிட்டுது. ஒட்டுத் துண்டின்ரை தாளை உரிக்கிறார்.) சொல்லு.

கஜன்: கப்பல் செவ்வாய்க்கு வந்திட்டுது. செவ்வாய் தூரத்திலை நிக்கிற காலம், பூமியிலையிருந்து 36 கோடி கிலோமீற்றர். வெளிச்சமே செக்கனுக்கு மூண்டு லட்சம் கிலோமீற்றர்தான். அப்ப ஒரு வார்த்தை இஞ்சை வர 20 நிமிசம். மறுமொழி போக இன்னொரு 20. இது மட்டும் படத்திலை அச்சொட்டாச் சரி.

அண்ணை: (ஒட்டை வைச்சுப் பெருவிரலாலை நடுவிலையிருந்து ஓரத்துக்கு அமத்துறார்) ம்.

கஜன்: கப்பலிலை மிஞ்சின பெடியனிட்டை இருக்கிற ஒட்சிசன் 30 நிமிசத்துக்கு. தாய்க்குக் கதைக்கிறான். "அம்மா, நான் நல்லா இருக்கிறன்" எண்டு. அவ்வளவுதான். பிறகு கமரா அந்த மணிக்கூட்டையே பாத்துக்கொண்டு நிக்குது. மியூசிக் இல்லை. தியேட்டரிலை ஒருத்தரும் கச்சான் கடிக்கேல்லை.

அண்ணை: (கை நிண்டுபோச்சு) 20 உம் 20 உம் நாப்பது.

கஜன்: நாப்பது. நாப்பதாவது நிமிசம் ஸ்பீக்கரிலை தாயின்ரை குரல் வருகுது. "சாப்பிட்டியே மோனை?"

(அண்ணை பேசாமல் ரியூபை ரயருக்குள்ளை செருகுறார். விளிம்பைக் கையாலை அமத்துறார். காத்தடிக்கிறார். எல்லாம் கை தன்பாட்டிலை செய்யுது, ஆள் செவ்வாயிலை.)

அண்ணை: தமிழிலையோ கேட்டவ?

கஜன்: இங்கிலீசிலைதான். எனக்கு அப்பிடித்தான் கேட்டது.

அண்ணை: ...செத்துப்போனானே?

கஜன்: அதைச் சொன்னால் நீங்கள் பாக்கேக்கை ஒண்டும் இராது. எவ்வளவு அண்ணை?

(காசைக் குடுத்திட்டுக் கஜன் ஏறி ஓடுறான். அண்ணை தண்ணிச் சட்டிக்கு முன்னாலை சும்மா குந்தியிருக்கிறார். பத்து நிமிசத்தாலை கஜன் சைக்கிளை உருட்டிக்கொண்டு திரும்பி வாறான்.)

அண்ணை: என்னடாப்பா, அதுக்குள்ளை படம் விட்டிட்டுதே?

கஜன்: அரைக் கட்டை போகேல்லை அண்ணை. ஸ்ஸ்ஸ் எண்டு ஒரு சத்தம்.

(அண்ணை ஒண்டும் சொல்லாமல் ரயரை நெம்பி, உள்ளை விரலை விட்டுத் தடவுறார்.)

அண்ணை: ஆ!

கஜன்: கிளுவையோ?

அண்ணை: (விரலைச் சூப்பிக்கொண்டு) கிளுவைதான்.

கஜன்: சத்தம் வடிவாக் கேட்டது. இஞ்சை காத்து இருக்கெல்லே.

அண்ணை: பறையாதை. இதுக்குக் காசும் வேண்டாம். அந்தப் பெடியன் செத்தவனோ இல்லையோ, அதை மட்டும் சொல்லு.

கஜன்: முதல் முள்ளைப் பிடுங்குங்கோ. சொலூசன் காய 5 நிமிசம் கிடக்கெல்லே, அதுக்குள்ளை சொல்லுறன்.