போட்டாக்ஸ் போட்டுக்கொள்பவர் கையில் ஒரு நோட்டு இருக்கட்டும்

நெற்றிச் சுருக்கம் தெரியாமல் இருக்க, தசையைத் தளர்த்தும் போட்டாக்ஸ் ஊசி போட்டுக்கொள்வதில் எனக்கு எந்த எதிர்ப்பும் இல்லை. யார் முகம், யார் காசு, அவரவர் விருப்பம். என் கவலை வேறு. முதல் ஊசிக்கு முன் எல்லோரும் கேட்பது ஒரே மாதிரி கேள்விகள்தான்: வலிக்குமா, எவ்வளவு ஆகும், முகம் விறைத்துப் போகுமா? சரி. ஆனால் அந்த ஊசியின் பலன் மூன்று நான்கு மாதம்தான். அப்புறம் மறுபடி போட வேண்டும். முப்பது வயதில் ஆரம்பித்து அறுபது வரை, வருடத்துக்கு 3 முறை என்று வைத்தால் 90 முறை. அந்தத் தொண்ணூறைப் பற்றி யாரும் கேட்பதில்லை, பெரும்பாலும் யாரும் சொல்வதுமில்லை.

இந்த மருந்து அழகுக்காக வந்ததே இல்லை. சான் பிரான்சிஸ்கோ கண் மருத்துவர் ஆலன் ஸ்காட் மாறுகண்ணைச் சரிசெய்ய இதைப் பயன்படுத்திப் பார்த்தார். 1989-இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, மாறுகண்ணுக்கும் இமை இழுப்புக்கும் (இமைகள் தன்னையறியாமல் இறுகி மூடிக்கொள்ளும் நோய்) அனுமதி கொடுத்தது. கனடாவின் வான்கூவரில் ஜீன் கரூதர்ஸ் என்ற கண் மருத்துவர் இமை இழுப்புக்கு இதைப் போட்டபோது, புருவங்களுக்கு நடுவே இருந்த கோடுகளும் மறைவது தெரிந்தது. அவரும் தோல் மருத்துவரான கணவர் அலஸ்டரும் 1992-இல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார்கள். அந்தக் கோடுகளுக்கு எஃப்டிஏ அனுமதி 2002-இல்தான் வந்தது. அதாவது, இளம் வயதில் தொடங்கி முதுமை வரை விடாமல் போட்டுக்கொண்ட தலைமுறை என்று ஒன்று இனிமேல்தான் உருவாகப் போகிறது.

நீண்ட காலப் பயன்பாடு என்றதும் மருத்துவர்கள் எடுத்துக்காட்டும் ஓர் ஆய்வு உண்டு. 2006-இல் வந்தது. ஒரே மாதிரி இரட்டைச் சகோதரிகள் இருவர். ஒருவர் 13 வருடம் முறையாகப் போட்டுக்கொண்டவர். இன்னொருவர் அதே காலத்தில் இரண்டே முறை. முறையாகப் போட்டுக்கொண்டவருக்கு முகம் அசையாமல் இருக்கும்போது நெற்றிக் கோடுகள் தெரியவில்லை, மற்றவருக்குத் தெரிந்தன. ஊசி படாத மூக்கோரக் கோடுகள் இருவருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். நல்ல செய்தி, மறுக்கவில்லை. ஆனால் அது இரண்டே பேர். அதை வைத்துக்கொண்டு "எத்தனை வருஷம் போட்டாலும் ஒன்றும் ஆகாது" என்று சொல்வதை என்னால் ஏற்க முடியாது.

நரம்பு தசைக்கு அனுப்பும் கட்டளையைத்தான் இந்த மருந்து நிறுத்துகிறது. சில மாதங்களில் நரம்பு மீண்டு, தசை பழையபடி வேலை செய்யும். அதனால் "நிறுத்தினால் சுருக்கம் இரட்டிப்பாகும்" என்ற பயத்துக்கு ஆதாரமில்லை. அதே சமயம், வருடக்கணக்கில் வேலையே இல்லாத தசை மெலியும். நெற்றித் தசைதான் புருவத்தைத் தூக்கிப் பிடிக்கிறது. அதை அளவுக்கு மீறி அடக்கினால் புருவம் கனத்துக் கீழே இறங்கும். சிலருக்கு வேறு தசைகள் அந்த வேலையைச் செய்யப்போய் மூக்கின் மேல்பக்கம் புதுக் கோடுகள் விழும். அரிதாக, உடல் எதிர்ப்புச் சக்தியை உருவாக்கிக்கொண்டு மருந்து கேட்காமலே போகும். அடிக்கடி, அதிக அளவில் போடுவது அந்த வாய்ப்பைக் கூட்டும். மூன்று மாதத்துக்குள் மறுபடி போடாதீர்கள் என்பது இதனால்தான்.

ஊசி போடும் இடத்தில் மருந்துக் குப்பியைப் பார்த்திருக்கிறீர்களா? காலியாக இருப்பதுபோலத்தான் தெரியும். அடியில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு படலம். அதில் சலைன் (உப்பு நீர்) விட்டுக் கலக்குகிறார்கள். எவ்வளவு விட்டார்கள் என்பதைப் பொறுத்து ஒரு துளியில் எத்தனை யூனிட் (மருந்தின் வீரியத்தை அளக்கும் அளவு) என்பது மாறும். கலந்த பிறகு எந்தக் கொம்பனாலும் பார்த்துச் சொல்ல முடியாது. புருவ நடுவுக்கு போட்டாக்ஸ் என்றால் ஐந்து இடத்தில் நான்கு நான்காக மொத்தம் 20 யூனிட். இதே வகை மருந்தின் இன்னொரு பிராண்டான டிஸ்போர்ட் என்றால் அதே இடத்துக்கு 50. பெயர் தெரியாமல் எண்ணை மட்டும் நினைவு வைத்திருந்தால் ஆபத்துதான்.

என் பெரியம்மா மகளுக்கு நடந்தது இதுதான். பல வருடமாகப் போட்டுக்கொள்கிறவர். வீடு மாறியபோது வேறொரு கிளினிக்குக்குப் போனார். "முன்பு எவ்வளவு போட்டீர்கள்?" என்று கேட்டதற்கு அவரிடம் பதில் இல்லை, பழைய பில்லில் "நெற்றி" என்று மட்டும் இருந்தது. போட்ட ஒரு வாரத்தில் இடது இமை பாதி இறங்கிவிட்டது. தானாகச் சரியாகும் என்றார்கள், சில வாரங்களில் சரியாகவும் ஆனது. அதுவரை வண்டி ஓட்டவில்லை, யாரையும் பார்க்கவில்லை, கறுப்புக் கண்ணாடியோடு அலுவலகம் போனார். அளவு கூடிவிட்டதா, ஊசி இடம் தவறியதா என்று பின்னால் தேடிப் பார்க்கக்கூட எழுத்தில் ஒன்றுமில்லை. அக்காவுக்கு நான் வாங்கிக் கொடுத்தது ஒரு சின்ன நோட்டு. தேதி, மருந்தின் பெயர், குப்பியில் இருக்கும் பேட்ச் எண், எந்த இடத்தில் எத்தனை யூனிட், போட்டவர் யார். சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர் ஃபைல் வைத்திருக்கிறார் இல்லையா, இதுவும் அப்படித்தான்.

பேட்ச் எண்ணை நான் வலியுறுத்தக் காரணம் உண்டு: ஏதாவது ஆனால், எந்தக் குப்பி, அசலா போலியா என்று தேடிப் பார்க்க அது உதவும். 2024-இல் அமெரிக்காவில் போலி மருந்தாலும் தகுதியில்லாதவர்கள் போட்ட ஊசியாலும் 11 மாநிலங்களில் 22 பேர் பாதிக்கப்பட்டார்கள், அதில் பாதிப் பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். மங்கிய பார்வை, விழுங்க முடியாமை, மூச்சுத் திணறல். பார்லரில் ஆஃபர் விலையில் கிடைக்கிறது என்று போகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதுப் பெண்களிடம் "வருமுன் காப்போம்" என்று சொல்லி இதை விற்பதுதான் எனக்கு ஆத்திரம். கோடே விழாத முகத்துக்கு எதற்கு? இங்கிலாந்தில் 2021 அக்டோபரிலிருந்து 18 வயதுக்குக் கீழுள்ளவர்களுக்கு அழகுக்காக இதைப் போடுவது குற்றம். பதினெட்டைத் தாண்டியவர்களை எந்தச் சட்டமும் தடுக்காது, அதனால் பெற்றவர்களும் அக்காமார்களும்தான் உட்கார்ந்து பேச வேண்டும். திட்ட வேண்டாம். இன்னும் எத்தனை வருடம், எத்தனை முறை, மொத்தம் எவ்வளவு பணம், கர்ப்பக் காலத்தில் நிறுத்த வேண்டும் என்பது தெரியுமா என்று கேளுங்கள். கணக்குப் போட்டுப் பார்த்த பிறகும் வேண்டும் என்றால், தோல் மருத்துவரிடம் நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள், அந்த நோட்டோடு.