தேய்க்காமல் பிளீச்சிங் போடாதீர்கள்

செட்டிநாட்டில் வருஷத்தில் முக்கால்வாசி நாள் பூட்டிக் கிடக்கும் வீடுகள் எத்தனையோ. கல்யாணம், அறுபதாம் கல்யாணச் சாந்தி, முன்னோருக்குப் படைப்பு என்றால்தான் கதவு திறக்கும். வெள்ளையடிப்பார்கள், முற்றம் கழுவுவார்கள். மொட்டைமாடித் தொட்டியில் மட்டும் ஒரு கை பிளீச்சிங் பவுடரை அள்ளிப் போட்டு, தண்ணீரை ஏற்றிவிட்டு இறங்கிவிடுவார்கள். இது சுத்தம் செய்ததே ஆகாது.

தொட்டியின் உள்சுவரில் விரலை வைத்து இழுத்துப் பாருங்கள். வழவழவென்று கையோடு வருகிறதே, அது வெறும் அழுக்கில்லை. பாக்டீரியாக்கள் சுவரில் ஒட்டிக்கொண்டு, சர்க்கரைச் சங்கிலிகளும் புரதமும் டி.என்.ஏ.வும் கலந்த பசையைச் சுரந்து அதற்குள் குடியிருக்கின்றன. உயிரிப்படலம், பயோஃபிலிம் என்பது இதுதான். குளோரின் மேல்பசையோடு மல்லுக்கட்டியே தீர்ந்துபோகும். அடியில் இருப்பவை பிழைத்து மறுபடி பெருகும். வினிகரால் வாய் கொப்பளித்தும் பல் காரையின் மேற்புறத்து உயிர்கள்தான் செத்தன, உள்ளே அது இறங்கவில்லை என்று, நுண்ணோக்கியில் பாக்டீரியாக்களை முதலில் பார்த்த டச்சுக்காரர் லேவன்ஹூக் 1684-ல் வெளியான கடிதத்திலேயே எழுதிவைத்துவிட்டார்.

ஆகவே முதலில் தேய்ப்பு. தண்ணீரை வடித்துவிட்டு நைலான் பிரஷால் சுவர், அடி, மூடியின் உட்புறம், மிதவை வால்வின் அடிப்பக்கம் எல்லாம் தேய்க்க வேண்டும். கம்பி நார் வேண்டாம், பிளாஸ்டிக்கில் விழும் கீறல் அடுத்த படலத்துக்கு இடுக்காகிவிடும். கழுவிய தண்ணீரைக் கழிவுக் குழாய் வழியாகவே வெளியேற்றுங்கள். வீட்டுக் குழாய்களுக்குள் விட்டால் உரித்த பசை அங்கே போய் ஒட்டும்.

பிறகுதான் மருந்து. 1000 லிட்டருக்கு, 33 சதவீத குளோரின் உள்ள புதுப் பிளீச்சிங் பவுடர் 150 கிராம். லிட்டருக்கு 50 மில்லிகிராம் குளோரின் என்ற கணக்கு இது. வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் மேலே உள்ள தெளிவை மட்டும் தண்ணீர் நிரப்பிய தொட்டியில் ஊற்றுங்கள். ஒவ்வொரு குழாயையும் குளோரின் வாடை வரும்வரை திறந்து மூடி, 24 மணி நேரம் விட்டு, முழுக்க வடித்து அலசுங்கள். அதுவரை அந்தத் தண்ணீரைக் குடிக்கவோ சமைக்கவோ கூடாது. கட்டி தட்டி வாடை போன பவுடர் வெறும் சுண்ணாம்புக்குச் சமம். ஆசிட்டோடு சேர்த்தால் விஷவாயு கிளம்பும், தயவுசெய்து சேர்க்காதீர்கள். ஷவர் தலையைக் கழற்றித் தனியாகத் தேய்க்கணும். நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா இப்படிப்பட்ட படலத்தில் வளர்ந்து, சாரலோடு மூச்சுக்குள் போகும்.

பழைய இரும்புக் குழாய் உள்ள வீடுகளில் இன்னொரு கேடு. படலத்துக்கு அடியில் ஆக்சிஜன் குறைய, ஆக்சிஜனுக்குப் பதிலாகத் தண்ணீரில் உள்ள சல்பேட்டைக் கொண்டு சுவாசிக்கும் பாக்டீரியாக்கள் பெருகி இரும்பில் குழி பறிக்கும். காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்தில் இந்த அரிப்பை ஆராய்கிறார்கள். அழகப்பா பல்கலைக்கழகத்தில் பாக்டீரியாக்கள் கூட்டம் சேரத் தங்களுக்குள் விடும் ரசாயனச் சைகையைத் தடுக்கும் வழி தேடுகிறார்கள். நம் ஊரிலேயே இருக்கும் அறிவு நம் வீட்டுத் தொட்டிவரை வரவில்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

வீட்டில் ஆச்சிக்கோ ஐயாவுக்கோ சிறுநீர் வடிக்கும் குழாய் (கதீட்டர்) போட்டிருந்தால் அங்கேயும் இதே பசைதான். சிறுநீர் சேரும் பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்கட்டும், தரையில் படவேண்டாம், குழாயும் பையும் சேரும் இணைப்பைக் கழற்றாதீர்கள். காய்ச்சல், புத்தித் தடுமாற்றம் போன்ற அறிகுறி இல்லாமல் சிறுநீர் கலங்கியிருப்பதற்காக மட்டும் ஆன்டிபயாடிக் வாங்காதீர்கள். உண்மையிலேயே தொற்று என்றால், 2 வாரத்துக்கு மேல் உள்ளே இருக்கும் குழாயை மாற்றிவிட்டு மருந்து தொடங்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். பரிசோதனைக்குச் சிறுநீரையும் புதுக் குழாயிலிருந்தே எடுக்கச் சொல்லுங்கள்.